கேட்டைத் தாண்டிய வண்டி

ஊரில் எல்லோரும் அவரைத் ‘தண்ணி அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் ஓரடி தள்ளி நிற்பார்கள். மனிதர் மதுவை நாக்கில் வைத்ததில்லை. நகராட்சியின் தீயணைப்பு வண்டியை ஓட்டினார், அதனால் வந்த பெயர். கல்யாணம் பேசிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை எந்நேரமும் தண்ணியிலேயே இருப்பாராம் என்று யாரோ கொளுத்திப்போட, பெண்ணின் அண்ணன் தெருத்தெருவாக அவரைப் பின்தொடர்ந்து வேவு பார்த்தார். நிலையத்து வாசலில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆளைக் கண்டதும் அசடு வழியச் சிரித்து, வந்த காரியத்தை அவரிடமே சொல்லிவிட்டார். அன்று தொடங்கிய சிநேகம். மச்சான், மாப்ளே என்று இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

மச்சானுக்குக் கடைவீதியில் பெயிண்ட் கடை. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நாலு பேருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை உள்ளபடியே உண்டு. அந்த ஆசைதான் அவரை நகராட்சித் தேர்தலில் நிறுத்தியது. ஜெயித்துக் கவுன்சிலரும் ஆகிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி வந்தது. கடல் கடந்து கப்பலில் வரும் எரிவாயுவை, கடுங்குளிரில் திரவமாக இருக்கும்போதே இறக்கி, பெரிய பெரிய தொட்டிகளில் நிரப்பி, பிறகு குழாய் வழியாக நாடு முழுக்க அனுப்பும் கம்பெனி. ஆற்றின் இந்தக் கரையா அந்தக் கரையா என்று இரண்டு ஊர்களையும் போட்டிக்கு விட்டார்கள். எந்த ஊர் சொத்துவரியைத் தள்ளுபடி செய்கிறதோ அங்கே வருவோம் என்றார்கள். பத்து வருஷத்துக்கு வரியே வேண்டாம் என்று இந்த ஊர் சொல்லிவிட்டது.

மச்சான் தங்கை வீட்டில் உட்கார்ந்து அதைப் பெருமையாகச் சொன்னார்.

“வெறும் சேத்து நிலம் மாப்ளே. இத்தன நாளா அதுல என்ன வரி வந்துச்சு? இல்லாத வரிய விட்டுக்குடுத்து, இருக்கற பசங்களுக்கு வேலை வாங்குறோம். நட்டம் எங்க இருக்கு, சொல்லுங்க.”

தண்ணி அண்ணனுக்கு நட்டம் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. சரியான பேச்சாகத்தான் பட்டது. அவர் மனைவி மட்டும், “கம்பெனி வந்தா அதுக்கும் ரோடு வேணும், ஆஸ்பத்திரி வேணும். அத யாருண்ணே போடுவா?” என்று கேட்டார். அவர் நகராட்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மச்சான் சிரித்துவிட்டு, “நீ எப்பவுமே இப்படித்தான். முதல்ல வரட்டும்” என்றார்.

வந்தது. ஊரின் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் இரண்டு வெள்ளைத் தொட்டிகளின் தலை கூரைகளுக்கு மேலே தெரியும்படி ஆயிற்று. பக்கத்தில் ஒரு நெட்டைக் குழாய். மிஞ்சிய வாயுவை அதன் உச்சியில் எரித்துவிடுவார்கள். சில நாள் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. சில நாள் இரைந்துகொண்டு எரியும், வீட்டு ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிரும். அவர்களுடைய ஒரே மகள் அந்த இரைச்சலில்தான் நடக்கப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் ஊரை வரையச் சொன்னால் சூரியனை ஒரு மூலையிலும் அந்தத் தீயை எதிர் மூலையிலும் வரைவாள்.

வேலைக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். உள்ளூர்ப் பையன்களுக்குக் காவலும் துப்புரவும் கிடைத்தன. கனரக லாரிகள் ஓடி ஓடித் துறைமுகச் சாலை பிளந்துபோயிற்று. அதைப் பூசும் செலவும் பிளந்ததை மறுபடி பூசும் செலவும் நகராட்சியின் தலையில் விழ, சின்ன வீடுகளுக்கும் கடைகளுக்கும் வரி ஏறியது. மச்சானே தன் பெயிண்ட் கடைக்கு முன்பைவிடக் கூடுதலாகக் கட்டினார். பள்ளிக்கூடத்தில் ஒழுகும் வகுப்பைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை நடைக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடினார்கள். தீயணைப்பு நிலையத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. பிறகு இன்னொருவர். கடைசியில் தண்ணி அண்ணனும், பம்ப் இயக்குபவரும், முட்டி வலிக்காரரான நிலைய அதிகாரியும்தான் மிச்சம்.

எல்லாம் மெதுவாக நடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. கம்பெனியைக் குறை சொன்னவர்களும் குறைவு. அங்கே வேலை பார்க்கும் தம்பியோ மருமகனோ எல்லா வீட்டிலும் ஒருவர் இருந்தார்.

பத்து வருஷம் முடிகிற சமயத்தில் கம்பெனி மறுபடி வந்து நின்றது. மூன்றாவது தொட்டி கட்டப் போகிறோம், இன்னொரு பத்து வருஷம் விலக்கு வேண்டும், இல்லாவிட்டால் அக்கரைக்குப் போகிறோம் என்றது. நகராட்சி மன்றத்தில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். தண்ணி அண்ணன் சீருடையோடு போனார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எங்ககிட்ட ஒரு வண்டி இருக்கு. நாங்க மூணு பேர் இருக்கோம். ஏற்கனவே ரெண்டு தொட்டி நிக்குது. அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாங்க அதுகிட்டக்கூடப் போக முடியாது. ஊருக்குள்ள ஆச்சுன்னாலும் இப்ப இருக்கற நிலைமையில கஷ்டம்தான். வரி வந்தா இன்னொரு வண்டி வாங்கலாம், ஆள் எடுக்கலாம். வேற ஒண்ணும் நான் சொல்ல வரல.”

கம்பெனியின் சார்பில் வந்திருந்த மேலாளர் அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல குரல், சாந்தமான முகம்.

“அண்ணன் சொல்றது நியாயம். அதனால எங்ககிட்ட இருக்கற நவீன வண்டிகள இந்த ஊருக்கும் குடுக்கறோம். ஊருக்குள்ள தீப்பிடிச்சா எங்க குழுவே வரும். நகராட்சிக்கு ஒரு செலவும் கெடையாது. தனியா ஒரு நிலையம் நடத்துற பாரமும் கொறையும்.”

மன்றத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விலக்கு நிறைவேறியது. கை உயர்த்தியவர்களில் மச்சானும் ஒருவர். வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார்.

“நீங்க பேசுனதாலதான் இது கெடச்சுது மாப்ளே. ஓசியில அவ்ளோ பெரிய வண்டி.”

“ஓசியில குடுக்கறவன் ஒருநாள் இல்லன்னு சொன்னா, நாம என்ன சொல்லி மச்சான் கேக்கறது?”

“ரொம்ப யோசிக்காதீங்க. அவங்களும் இதே ஊர்லதான இருக்காங்க.”

மேலாளர் அம்மாள் குடியிருந்தது காரில் போனாலே பாதி நாள் பிடிக்கும் நகரத்தில். அதைத் தண்ணி அண்ணன் மச்சானிடம் சொல்லவில்லை.

நிலையத்தை மூடினார்கள். பழைய வண்டியை ஏலத்தில் எடுத்தவன் கழிவுநீர் உறிஞ்சப் பயன்படுத்தினான். நிலைய அதிகாரி ஓய்வு வாங்கிக்கொண்டார். தண்ணி அண்ணனையும் பம்ப்காரரையும் கம்பெனி தன் தீயணைப்புக் குழுவில் சேர்த்துக்கொண்டது. அங்கே இரண்டு வண்டிகள். ஒவ்வொன்றும் பழைய வண்டியைப் போல் ஒன்றரை மடங்கு. பித்தளை எல்லாம் முகம் தெரியப் பளபளத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வாயுக்கசிவை மோப்பம் பிடிக்கும் கருவி அலறியபோது தண்ணி அண்ணன் ஓடிப்போய் வண்டியில் ஏறிவிட்டார். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எறங்குங்கண்ணே. அது சும்மா கத்தும். தெனமும் கத்தும்.”

அவரும் சில மாதங்களில் பழகிவிட்டார். பழகியதுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னார்.

இரண்டு வண்டிகளில் ஒன்று பழுதாகி வெளியே போயிற்று. ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மாதங்கள் போயின, பாகம் வரவில்லை. ஒற்றை வண்டியோடு வேலை நடந்தது. கப்பல் வந்து வாயு இறக்கும் நாட்களில் அந்த வண்டி என்ஜின் ஓடியபடி கப்பல் மேடைக்கு அருகிலேயே நிற்க வேண்டும் என்பது விதி.

அப்படி நின்றிருந்த ஒரு மத்தியானம் மச்சானின் ஃபோன் வந்தது.

“மாப்ளே, மெத்தைக் கடை புடிச்சுக்கிச்சு. பஞ்சு, ஃபோம் எல்லாம் எரியுது. மாடியில ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. வண்டிய எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்.”

கடைவீதிப் பக்கம் கூரைகளுக்கு மேல் கறுப்புப் புகை எழுவது அவர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஷிஃப்ட் அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி கெட்டவர் அல்ல. அவர் முகமும் வெளுத்துத்தான் போயிற்று.

“கப்பல்லேருந்து வாயு இறக்கிட்டிருக்காங்கண்ணே. இப்ப வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.”

“ஊருக்கு வருவோம்னு எழுதிக் குடுத்தீங்களே.”

“இறக்குற வேலை இல்லாதப்பன்னு அதுலயே இருக்கு. நான் மேலிடத்துல கேக்கறேன். கொஞ்சம் பொறுங்க.”

மேலிடம் இன்னொரு மேலிடத்தைக் கேட்டது. அதிகாரி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். புகை அகலமாயிற்று. மச்சான் மறுபடி கூப்பிட்டார். இம்முறை பேச்சில்லை, பின்னால் ஒரு பெண் அலறுவது மட்டும் கேட்டது. தண்ணி அண்ணன் வண்டியில் ஏறினார். பம்ப்காரர் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். அதிகாரி ஓடிவந்து வண்டியின் முன்னால் நின்றார். பிறகு நகர்ந்தார். ஏன் நகர்ந்தீர்கள் என்று பின்னால் விசாரணையில் கேட்டபோது, கால் தானாக நகர்ந்தது என்று மட்டும் சொன்னார்.

கம்பெனிச் சாலைகளுக்கென்று செய்த வண்டி அது. மெத்தைக் கடைச் சந்தின் முனையிலேயே மூக்கு முட்டி நின்றுவிட்டது. பழைய வண்டி அந்தச் சந்தில் தடுமாறாமல் திரும்பும். தண்ணி அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். முக்கியச் சாலையிலிருந்து குழாயை நீட்டி இழுத்தார்கள். தெருவே கை கொடுத்தது. மச்சான் சட்டையெல்லாம் கரியோடு குழாயைத் தோளில் தாங்கிக்கொண்டு ஓடினார்.

மாடியில் ஒரு தையற்கார அம்மாள் தன் கணவரோடு குடியிருந்தார். கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மற்ற வீட்டார் எல்லோரும் பின்பக்கமாக இறங்கிவிட்டார்கள். இவர் மட்டும் கணவரை விட்டு வரமாட்டேன் என்று உள்ளேயே இருந்துவிட்டார். வண்டியின் பெரிய ஏணி சந்துக்குள் வராததால் கழற்றி எடுக்கும் சிறு ஏணியைச் சாய்த்துத் தண்ணி அண்ணன் ஏறினார். ஜன்னலுக்குள் புகை கட்டியாக நின்றது.

“அவர மொதல்ல தூக்குங்க. எனக்குக் காலு இருக்கு” என்றார் அந்த அம்மாள்.

கணவரை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது என்று பார்த்த கணத்திலேயே தெரிந்தது. பம்ப்காரர் கீழே பம்பை விட்டு வர முடியாது. புகைக்குள் ஏறப் பழகிய மூன்றாவது ஆள் இல்லை. தண்ணி அண்ணன் அந்த அம்மாளை வலுக்கட்டாயமாகத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அம்மாள் அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தார். மறுபடி ஏறப் போனபோது மாடித் தளம் கணவரோடு இடிந்து உள்ளே இறங்கியது.

தீ அணைந்து, கரிந்த பஞ்சின் நாற்றத்தோடு வண்டி திரும்பியபோது, கம்பெனி வாசலில் எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். அவர் போயிருந்த நேரத்தில் கப்பலிலிருந்து வரும் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது. மேடை மேல் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை மூட்டமாக வாயு பரவியிருந்தது. இறக்குவதை நிறுத்தி, எல்லோரையும் ஓடவைத்து, ஒரு பொறி விழாதிருக்க வேண்டுமென்று காத்துக்கொண்டிருந்தார்கள். காற்று கடல் பக்கம் வீசியது. மூட்டம் அதோடு போய்விட்டது.

மேலாளர் அம்மாள் மறுநாள் வந்தார். அதே சாந்தமான குரல்.

“எதுவும் ஆகல. ஆகியிருந்தா? காத்து ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தா? நீங்க காப்பாத்துனது ஒருத்தர.”

அந்த அம்மாள் சொன்னதில் பொய் இல்லை. தண்ணி அண்ணன் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். பம்ப்காரருக்கும் அன்றே வேலை போயிற்று.

வீட்டில் அவர் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் போனதும் நியாயந்தான். போகக் கூடாதுன்னு அவங்க சொன்னதும் நியாயந்தான். நான் என்னதான் பண்ணியிருக்கணும்?”

“நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க வேணாம்” என்றார் மனைவி. “ரெண்டு வண்டி இருந்திருக்கணும். அவ்ளோதான்.”

தையற்கார அம்மாள் கைக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். தண்ணி அண்ணன் பார்க்கப் போனார். அந்த அம்மாள் நன்றி சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடி, “என்னைக் கேக்காம ஏன் தூக்குனீங்க?” என்று கேட்டார். அவர் திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகும் போனார். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ அந்த அம்மாள் உட்காரச் சொன்னார். கணவருக்கு உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவர் எப்படிச் சீட்டியடிப்பார் என்பதைச் சொன்னார்.

விபத்துக்குப் பிறகு கம்பெனி, ஊருக்கு வண்டி அனுப்பும் ஏற்பாட்டை அடியோடு ரத்து செய்தது. பாதுகாப்புக் காரணம் என்றது. அப்படியானால் வரிவிலக்கையும் ரத்து செய்யுங்கள் என்று மச்சான் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். வழக்கறிஞர்கள் வந்தார்கள். அதுவும் இதுவும் வேறு வேறு ஒப்பந்தம், கை வைத்தால் நஷ்டஈடு கேட்போம், நகராட்சிக் கட்டடத்தையே விற்றாலும் தாங்காது என்று மரியாதையாகச் சொன்னார்கள். வாக்கெடுப்பில் மச்சானின் கை மட்டும் தனியாக மேலே நின்றது. பக்கத்து நாற்காலிக்காரர், நெடுநாள் நண்பர், மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மருமகனுக்குக் கம்பெனியில் அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது.

அன்று சாயங்காலம் மச்சான் தங்கை வீட்டுக்கு வந்தார். வழக்கமான வாய் இல்லை.

“கப்பல் நிக்கறப்போ வண்டி வராதுன்னு எனக்குத் தெரியாது மாப்ளே. சத்தியமாத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

மச்சான் டீ டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். தங்கை வந்து, “ஆறிப்போச்சுண்ணே, வேற போட்டுத் தரேன்” என்றபோது வேண்டாம் என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் முன்போல் வந்து உட்கார்ந்து வம்பளப்பது நின்றுபோயிற்று.

தண்ணி அண்ணன் பிறகு ஒரு தண்ணீர் லாரிக்காரரிடம் ஓட்டுநராகச் சேர்ந்தார். பெயர் மாறாமல் பிழைத்துக்கொண்டது என்று பம்ப்காரர் கேலி செய்தார். வேலை முடிந்து லாரியை வீட்டருகே நிறுத்தும்போது அதைக் காலியாக விடமாட்டார். நிரப்பி, முகம் தெருவைப் பார்க்க நிறுத்துவார். முதலாளி திட்டினாலும் கேட்கமாட்டார். இப்போது ஊருக்கு இருக்கும் தீயணைப்பு வண்டி அதுதான். அதற்குப் பம்பும் கிடையாது, ஏணியும் கிடையாது. பக்கத்து ஊரிலிருந்து வண்டி வர ஆற்றுப்பாலம் சுற்றி வர வேண்டும்.

ஊர் வெளிப்பார்வைக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் துறைமுகப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் பெண்கள் துணி காயப்போட வந்து, ஒரு நிமிஷம் நின்று, காற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடியைத் தொடுகிறார்கள். கம்பெனியின் கசிவுக் கருவி கத்துவது இப்போது கடைவீதி வரைக்கும் கேட்கிறது. யாரும் தலையைத் திருப்புவதில்லை. தண்ணி அண்ணனின் மனைவி மட்டும் ஆஸ்பத்திரியில் நடக்கமுடியாத நோயாளிகளையெல்லாம் வாசலுக்குப் பக்கத்துக் கட்டில்களுக்கு மாற்றிவிட்டார். ஏன் என்று டாக்டர் கேட்டதற்கு, வெளிச்சம் நல்லா வருது சார் என்றார்.

இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட மூன்றாவது தொட்டிக்குப் போன மாதம்தான் நிலத்தைச் சமன்செய்யும் வேலை ஆரம்பித்தது. புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டுமென்று லாரி முதலாளிக்கு ஆர்டர் வந்தது. தண்ணி அண்ணன் மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். மகளுக்குக் கல்லூரி, வீட்டு வரி வேறு ஏறியிருக்கிறது. போனார்.

கம்பிவேலிக்குள் சேற்றை மூடக் கொட்டிய மண் சிவப்பாகத் திறந்து கிடந்தது. வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பொறியாளர் அவருக்கு எங்கிருந்து எங்குவரை தெளிக்க வேண்டும் என்று காட்டினார். மரியாதையான ஆள், குடிக்கத் தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்தார். தொட்டி எங்கே வருகிறது என்று தண்ணி அண்ணன் கேட்டார். நாம நிக்கற எடம்தான் என்றார் அவர்.

தண்ணி அண்ணன் வேலிக்கு அப்பால் பார்த்தார். இடைவேளை மணி அடித்திருக்க வேண்டும். பிள்ளைகளின் கூச்சல் காற்றில் தெளிவாகக் கேட்டது.

“ஸ்கூல் இவ்ளோ கிட்டக்க இருக்கே சார்.”

பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சத்தம் வந்த திசையைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

“எந்த ஸ்கூல்?” என்றார்.

தண்ணி அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். பொறியாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் வெற்று ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொண்டார். பிறகு தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, “சரிண்ணே, நீங்க தெளிங்க” என்று சொல்லி நடந்தார். தண்ணி அண்ணன் லாரியில் ஏறி, வால்வைத் திறந்து, அந்தச் செம்மண்ணின் மேல் மெதுவாக ஓட்டினார்.